கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு மறுபடியும் பார்வை மங்கினால்

கேட்டிருந்தது இதுதான்: அம்மாவுக்கு 67 வயது. போன வருஷம் வலது கண்ணில் கேட்ராக்ட் ஆபரேஷன் செய்து லென்ஸ் வைத்தார்கள். படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஊசியில் நூல் கோக்கும் அளவுக்கு நன்றாகத் தெரிந்தது. இப்போது இரண்டு மாதமாகப் பனி மூடின மாதிரி இருக்கிறது, எதிரே வண்டி வந்தால் வெளிச்சம் சிதறுகிறது என்கிறார். வலி இல்லை, சிவப்பு இல்லை. "புரை திரும்ப வளர்ந்துவிட்டது, ஆபரேஷன் சரியில்லை" என்று அக்கம்பக்கத்தில் யாரோ சொல்லிவிட, இடது கண்ணுக்கு ஆபரேஷனே வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டார். மறுபடியும் ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்குமா?

முதலில் அம்மாவிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். எடுத்த புரை திரும்ப வளராது. புரை என்பது கண்ணுக்குள் இயற்கையாக இருக்கும் லென்ஸ் கலங்கிப்போவது. அந்த லென்ஸையே எடுத்தாகிவிட்டது, வைத்திருப்பது செயற்கை லென்ஸ், அதில் புரை விழ வழியில்லை. ஆனால் அம்மா சொல்கிற மங்கலும் நிஜம்தான். வயசானால் அப்படித்தான் என்று விட்டுவிட வேண்டிய விஷயம் கிடையாது.

நான் இருபது வருஷத்துக்கு மேலாகக் கண் மருத்துவமனையில் பார்வை பரிசோதிக்கும் வேலையில் இருக்கிறேன். ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவர் "தெரியவில்லை" என்று வந்து உட்கார்ந்தால் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி "எப்போதிலிருந்து?" என்பதுதான். ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள் மங்குவது வேறு, ஒரு மாதத்தில் மங்குவது வேறு, ஒரு வருஷம் கழித்து மங்குவது வேறு. காரணம் வேறு, வைத்தியமும் வேறு. முதல் வகையில் ஒரு ராத்திரி தாமதித்தால்கூடக் கண் போய்விடலாம். உங்கள் அம்மாவுக்கு இருப்பது போன்ற வகைக்குப் பெரும்பாலும் சில நிமிஷ லேசர் போதும்.

அம்மாவின் விஷயத்தையே முதலில் பார்ப்போம். நுங்கைச் சுற்றி ஒரு மெல்லிய தோல் இருக்குமே, அதுபோல நம் லென்ஸைச் சுற்றி கண்ணாடி மாதிரி தெளிவான ஓர் உறை இருக்கிறது. ஆபரேஷனில் அந்த உறையின் முன்பக்கத்தில் வட்டமாக ஒரு வாசல் திறந்து, உள்ளே கலங்கிப்போன பகுதியை மட்டும் எடுத்துவிட்டு, பின்பக்கத் தோலை அப்படியே விட்டுவிடுவார்கள். புது லென்ஸ் அந்த உறைக்குள்தான் உட்கார்ந்திருக்கும். பின்பக்கத் தோல் தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. எவ்வளவு சுத்தமாகத் துடைத்து எடுத்தாலும் உறையின் ஓரத்தில் லென்ஸ் செல்கள் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். அவை மெதுவாகப் பெருகிப் பின்பக்கத் தோலின்மேல் படரும். சிலருக்கு ஜவ்வரிசியைக் கொட்டிவைத்த மாதிரி சின்னச் சின்ன முத்துகளாக இருக்கும், சிலருக்குத் தோல் சுருங்கி மடிப்பு மடிப்பாகத் தெரியும். ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்த மாதிரி, வைத்த லென்ஸுக்குப் பின்னால் ஒரு மங்கல் திரை. "புரை திரும்ப வந்துவிட்டது" என்று ஊரில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

இது அரிதானதும் அல்ல, ஆபரேஷன் செய்தவரின் தப்பும் அல்ல. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 1998-ல் வெளியான ஒரு தொகுப்பின்படி முதல் வருஷ முடிவில் சுமார் 12 சதவீதக் கண்களிலும், ஐந்து வருஷத்தில் சுமார் 28 சதவீதக் கண்களிலும் இது வந்திருந்தது. அதற்கப்புறம் ஓரம் கூர்மையான லென்ஸ்கள் வந்தன. அந்த ஓரம் செல்கள் நடுப்பகுதிக்குப் படராமல் தடுப்பதால் இப்போது குறைந்திருக்கிறது, ஆனால் இல்லாமல் போகவில்லை. வயது குறைந்தவர்களுக்குச் சீக்கிரம் வரும். குழந்தைகளுக்கு அனேகமாக வந்தே தீரும் என்பதால் சின்னக் குழந்தைகளுக்கு ஆபரேஷனின்போதே பின்பக்கத் தோலையும் திறந்துவிடுவார்கள்.

இதற்கு வைத்தியம் யாக் லேசர். 1980-களின் தொடக்கத்தில் புழக்கத்துக்கு வந்தது. அதற்கு முன்னால் கத்தியை உள்ளே விட்டுத்தான் அந்தத் தோலைக் கிழிக்க வேண்டியிருந்தது. அம்மாவுக்குப் பயம் தெளிய, உள்ளே என்ன நடக்கும் என்று அப்படியே சொல்கிறேன். பாப்பா, அதாவது கண்ணின் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டம், விரிவதற்குச் சொட்டு மருந்து விட்டு அரை மணி நேரம் உட்கார வைப்பார்கள். கண் அழுத்தம் ஏறாமலிருக்க இன்னொரு சொட்டு. அப்புறம் வழக்கமாகக் கண் பார்க்கும் அதே மாதிரி மெஷின் முன்னால், தாடையைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் அழுத்திக்கொண்டு உட்கார வேண்டும். மரத்துப்போக ஒரு சொட்டு விட்டு, கண்ணின்மேல் ஒரு சின்ன லென்ஸை வைப்பார்கள். சிவப்புப் புள்ளி ஒன்று தெரியும். டிக், டிக் என்று சத்தம் கேட்கும், ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு பளிச். அவ்வளவுதான். வலி கிடையாது, கட்டு கிடையாது, அட்மிஷன் கிடையாது. பின்பக்கத் தோலின் நடுவில் மூன்று நான்கு மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு ஜன்னல் திறந்துவிடும். உட்கார்ந்ததிலிருந்து எழுந்திருப்பது வரை பத்து நிமிஷம்கூட ஆகாது. ஒரு மணி நேரம் கழித்துக் கண் அழுத்தம் பார்த்துவிட்டு அனுப்புவார்கள். பாப்பா சுருங்கிய பிறகு, அனேகமாக மறுநாள் காலையில், தெளிவு தெரியும். கொஞ்ச நாள் கொசு பறக்கிற மாதிரி துணுக்குகள் தெரிவது சகஜம். திறந்த ஜன்னல் பெரியவர்களுக்குப் பொதுவாக மறுபடி மூடிக்கொள்வதில்லை.

லேசர் முடிந்து மறுநாள் வந்த ஒரு பாட்டி எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறார். போர்டில் கடைசி வரியைப் படித்துவிட்டு, பக்கத்தில் நின்ற பேத்தியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பி, "கன்னத்துல மச்சம் இருக்குன்னு சொல்லவே இல்லையே" என்றார். அந்தப் பெண் பிறந்ததிலிருந்து இருக்கும் மச்சம்.

ஆனால் யாக் லேசர் செய்வதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தாக வேண்டும்: மங்கலுக்குக் காரணம் நிஜமாகவே அந்தத் திரைதானா? திரை இருக்கிறது என்பதால் அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. விழித்திரையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் ஓ.சி.டி. ஸ்கேன் (வெளிச்சத்தை வைத்து விழித்திரையின் அடுக்குகளைப் படமெடுப்பது) எடுக்க வேண்டும். முக்கியமாக, தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்து ஒரே லென்ஸாக வரும் மல்டிஃபோக்கல் லென்ஸ் வைத்தவர்கள் ஆபரேஷனான நாளிலிருந்தே "எனக்கு இது ஒத்துவரவில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தால், லேசருக்கு அவசரப்படக் கூடாது. பின்பக்கத் தோலைத் திறந்துவிட்டால் பிற்பாடு லென்ஸை எடுத்து வேறு லென்ஸ் வைப்பது மிகவும் சிரமம். இதை டாக்டரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள்.

சரி, இப்போது மற்றக் காலக்கட்டங்களுக்கு வருவோம். இடது கண்ணுக்கு ஆபரேஷன் செய்தால் உங்களுக்குத் தேவைப்படும்.

ஆபரேஷனான மறுநாள் கட்டுப் பிரித்ததும் எல்லாம் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று எதிர்பார்த்து வருகிறார்கள். பலருக்குத் தெரியும். சிலருக்குத் தெரியாது. முக்கியமாக, புரை முற்றிப் பழுப்பாகிக் கல் மாதிரி ஆகும்வரை தள்ளிப்போட்டவர்களுக்குத் தெரியாது. கெட்டியான புரையை உடைக்க அதிக நேரம் அல்ட்ராசவுண்ட் தேவைப்படும், அந்த அதிர்ச்சியில் கருவிழி நீர் கோத்து வீங்கும். கருவிழியின் உட்புறத்தில் ஓர் அடுக்குச் செல்கள் தண்ணீரை இறைத்து வெளியே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. அவை கொஞ்ச நாள் தளர்ந்துபோய் அப்புறம் வேலையைத் தொடங்கும். பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் வடிந்துவிடும். ஸ்டீராய்டு சொட்டு மருந்தும், 5 சதவீத உப்புச் சொட்டு மருந்தும் கொடுப்பார்கள். உப்புச் சொட்டு எரியும், ஆனால் நீரை உறிஞ்சும். அந்த உட்புறச் செல்கள் நம் கண்ணில் புதிதாகப் பிறப்பதில்லை. ஆகவே ஏற்கெனவே குறைவாக இருந்தவர்களுக்கு வீக்கம் வடியாமல் நின்றுவிடலாம். அப்படி நின்றால், தானமாகக் கிடைத்த கண்ணிலிருந்து அந்த உள் அடுக்கை மட்டும் எடுத்து ஒட்டும் ஆபரேஷன் இருக்கிறது. முழுக் கருவிழியையும் மாற்ற வேண்டிய தேவை பெரும்பாலும் இருக்காது.

இப்போது சொல்லப்போவது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியது. ஆபரேஷனாகி இரண்டு நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள், நன்றாகத் தெரிந்துகொண்டிருந்த கண் திடீரென்று மங்கி, சிவந்து, வலித்து, இமை வீங்கி, வெளிச்சம் பார்க்க முடியாமல் போனால், அது கண்ணுக்குள் கிருமி புகுந்ததாக இருக்கலாம். அன்றைக்கே போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமையோ தீபாவளியோ, ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியின் எமர்ஜென்சிக்குப் போக வேண்டும். அங்கே ஆளில்லை என்றால் விழித்திரை டாக்டர் இருக்கும் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு.

பல வருஷத்துக்கு முன்னால் ஒருவர் ஆபரேஷனாகி நாலாம் நாள் வலி எடுத்து, வீட்டில் பேத்திக்குக் காதுகுத்து என்பதால் மூன்று நாள் பொறுத்து வந்தார். மருந்துக்கடையில் ஏதோ சொட்டு வாங்கி ஊற்றியிருந்தார். கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்ப் மெஷினில் பார்த்தபோது கருவிழிக்குப் பின்னால், கீழ்ப்பக்கத்தில், தயிர் படிந்த மாதிரி வெள்ளையாகச் சீழ் தேங்கி நின்றது. கண் முன்னால் நான் கையை அசைப்பது மட்டும்தான் தெரிகிறது என்றார். ஊசி போட்டு, பிறகு ஆபரேஷனும் செய்து கண்ணைக் காப்பாற்றினார்கள். பார்வையைப் பாதிதான் மீட்க முடிந்தது. அந்த மூன்று நாளை நினைத்து இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை.

இதற்கு வாயில் போடும் மாத்திரையோ வெறும் சொட்டு மருந்தோ போதாது. கண்ணின் உள்ளே இருக்கும் ஜெல்லிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, வேன்கோமைசின், செஃப்டாசிடிம் போன்ற மருந்துகளை நேராகக் கண்ணுக்குள்ளேயே ஊசியில் போடுவார்கள். கை அசைவுகூடத் தெரியாமல் வெளிச்சம் மட்டும் தெரியும் நிலைக்குப் போயிருந்தால் உடனே ஜெல்லை அகற்றும் ஆபரேஷன் செய்வது நல்ல பலன் தருகிறது என்று 1995-ல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. இன்றைக்கும் அந்த வழிதான் அடிப்படை, ஆனால் பல டாக்டர்கள் அதைவிட முன்னதாகவே ஆபரேஷனுக்குப் போகிறார்கள்.

இது எவ்வளவு அரிது என்பதையும் சொல்ல வேண்டும், பயந்து ஆபரேஷனையே தள்ளிப்போடக் கூடாது அல்லவா? மதுரையில் 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, தன்னுடைய ஆறு லட்சம் ஆபரேஷன்களின் கணக்கைப் பார்த்து ஓர் ஆய்வை வெளியிட்டது. ஆபரேஷன் முடியும்போது மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைக் கண்ணுக்குள் செலுத்தத் தொடங்குவதற்கு முன், பத்தாயிரம் பேரில் ஏழு பேருக்கு இந்தத் தொற்று வந்திருந்தது. தொடங்கிய பிறகு அது இரண்டாகக் குறைந்தது. நம் ஊரில் செய்த ஆய்வு என்பதில் எனக்குப் பெருமை உண்டு. நோயாளி பக்கத்தில் செய்ய வேண்டியது, டாக்டர் சொல்லும் நாள் வரை கண்ணில் தண்ணீர் படாமல் பார்ப்பது, சொட்டு விடும் முன் கை கழுவுவது, மருந்து பாட்டிலின் நுனி இமையில் படாமல் விடுவது. விளக்கெண்ணெய், தாய்ப்பால், தேன் எதையும் ஆபரேஷன் செய்த கண்ணில் விடவே கூடாது. அன்பினால்தான் செய்கிறார்கள், ஆனாலும் கூடாது.

அடுத்தது ஒரு மாதத்தை ஒட்டி வருவது. நன்றாகத் தெரிந்துகொண்டிருந்த பார்வை நாலு முதல் ஆறு வாரத்தில் நடுவில் மட்டும் மங்கும். செய்தித்தாளில் பார்க்கிற எழுத்து கலங்கும், சுற்றியிருப்பது தெரியும். சிலருக்குக் கதவு நிலை வளைந்து தெரியும். வலி இருக்காது. விழித்திரையின் மையத்தில் நீர் கோத்துக்கொள்வதால் வருவது இது. இர்வின் என்ற அமெரிக்க டாக்டர் 1953-ல் எழுதியது, அப்புறம் காஸ் என்பவர் சாயம் செலுத்திப் படமெடுத்துக் காட்டியது, அதனால் இரண்டு பேர் பெயரும் சேர்த்து அழைக்கப்படுகிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். ஓ.சி.டி. ஸ்கேனில் மையப்பகுதி மேடு தட்டி, உள்ளே சின்னச் சின்னக் குமிழிகளாகத் தெரியும், பார்த்தவுடன் புரிந்துவிடும். நெபாஃபெனாக், கெட்டோரோலாக் மாதிரியான சொட்டு மருந்தும் ஸ்டீராய்டு சொட்டும் சேர்த்துக் கொடுத்தால் பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று மாதத்தில் சரியாகும். அடங்காதவர்களுக்குக் கண்ணுக்குப் பக்கத்திலோ உள்ளேயோ ஊசி. சொட்டு மருந்தைப் பாதியில் நிறுத்தியதால் திரும்பி வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இதற்கு நேர் எதிரான தப்பும் நடக்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு கொடுக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை ஆறு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தச் சொல்லியிருப்பார்கள். அது கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது, உறுத்தல் இல்லை என்று பழைய சீட்டைக் காட்டிக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் விடுகிறவர்கள் உண்டு. சிலருக்கு அந்த மருந்து கண் அழுத்தத்தை ஏற்றிவிடும். வலிக்காது, தெரியாது, நரம்பு மட்டும் தேய்ந்துகொண்டே போகும். அப்படிப் போன பார்வையை யாராலும் திருப்பித் தர முடியாது. இந்த நீண்ட பதிலில் உள்ளவற்றில் நம் கையிலேயே முழுக்க இருக்கும் ஆபத்து இதுதான். அம்மா இப்போதும் ஏதாவது சொட்டு விட்டுக்கொண்டிருக்கிறாரா என்று அலமாரியைத் திறந்து பாருங்கள்.

பவர் சரியாக வராததும் மங்கலாகத் தெரிவதற்குக் காரணமாகலாம். 1949-ல் லண்டனில் ஹரால்ட் ரிட்லி உலகத்தில் முதன்முதலாகக் கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் வைத்தபோது, அந்த அம்மாளுக்குப் பெரிய மைனஸ் பவர் வந்து நின்றது. அன்றைக்குக் கணக்கு அவ்வளவுதான் தெரிந்தது. இன்றைக்குக் கண்ணின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் அளந்து கணக்கிடுவதால் பெரும்பாலோருக்குத் தூரப்பார்வை கண்ணாடி இல்லாமலே ஓடும், கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி வேண்டியிருக்கும். கொஞ்சம் மிச்சமிருக்கும் பவருக்கு ஒரு மாதம் கழித்துக் கண்ணாடி எழுதிக் கொடுப்போம். நாங்கள் ஊசித்துளை போட்ட அட்டையைக் கண்ணுக்கு முன்னால் பிடித்துப் படிக்கச் சொல்வது இதற்காகத்தான். துளை வழியாகத் தெளிந்தால் பவர் பிரச்சினை, கண்ணாடியில் சரியாகும். துளை வழியாகவும் தெளியவில்லை என்றால் உள்ளே வேறு காரணம் தேட வேண்டும். வயதான காலத்துக்கு முன் லேசிக் (கண்ணாடியைத் தவிர்க்கக் கருவிழியில் செய்யும் லேசர்) செய்துகொண்டவர்கள் அதை ஆபரேஷனுக்கு முன் கட்டாயம் சொல்ல வேண்டும், அவர்களுக்கு இந்தக் கணக்கே மாறும்.

அப்புறம், காதுப் பக்க ஓரத்தில் பிறை மாதிரி ஒரு நிழல் தெரிகிறது என்று சிலர் சொல்வார்கள். பரிசோதனையில் எல்லாம் சரியாக இருக்கும், அவர்கள் சொல்வதும் நிஜமாக இருக்கும். லென்ஸின் ஓரத்தில் வெளிச்சம் விழுகிற விதத்தால் வருவது, பெரும்பாலும் நாளாக ஆக மெல்ல மறையும். ஆனால் மின்னல் வெட்டுகிற மாதிரி பளிச்சிடல், திடீரென்று கரும்புள்ளிகள் மழை மாதிரி கொட்டுவது, ஒரு பக்கமிருந்து கறுப்புத் திரை இறங்குவது, இவை விழித்திரை பிரிவதன் அறிகுறி. ஆபரேஷனாகி எத்தனை வருஷமானாலும், யாக் லேசருக்குப் பிறகும், இது வரலாம். அதிக மைனஸ் பவர் இருந்தவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அன்றைக்கே போனால் ஆபரேஷனில் ஒட்டவைக்க முடியும். மையம் பிரிவதற்கு முன் போவதில்தான் எல்லாமே இருக்கிறது.

வைத்த லென்ஸே இடம் நகர்வது அரிது. அதற்கும் வழி இருக்கிறது. பிடிப்பு இல்லாத கண்ணில் லென்ஸைப் பசை போட்டு வெள்ளைவிழிச் சுவரில் நிறுத்தும் முறையைச் சென்னை டாக்டர் அமர் அகர்வால் 2007-ல் செய்து காட்டினார், இப்போது பல நாடுகளில் செய்கிறார்கள்.

அம்மாவைப் பொறுத்தவரை, வலியும் சிவப்பும் இல்லாமல் மெதுவாக வந்த மங்கல், வெளிச்சச் சிதறல், ஒரு வருஷ இடைவெளி, மூன்றும் பின்பக்கத் திரையைத்தான் காட்டுகின்றன. இந்த வாரத்துக்குள் பாப்பா விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரை இருந்தால் விழித்திரையையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். பாப்பா விரித்தால் நாலைந்து மணி நேரத்துக்கு வெயில் கூசும், அதனால் கூட ஒருவர் போங்கள், கறுப்புக் கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள். வலது கண்ணில் திரை வந்ததற்கும் இடது கண் ஆபரேஷன் எப்படி முடியும் என்பதற்கும் சம்பந்தமில்லை. இடது கண் புரையைக் கல்லாகும்வரை விட்டுவைத்தால்தான் சிரமம்.

போகும்போது போன வருஷத்து டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடி எடுத்துப் போங்கள். அதில் லென்ஸின் பெயரும் பவரும் அச்சிட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். வலது கண்ணில் எந்த பவர் வைத்து என்ன பார்வை வந்தது என்று தெரிந்தால் இடது கண்ணுக்கு லென்ஸ் கணக்கை இன்னும் துல்லியமாகப் போட முடியும். பெரும்பாலான வீடுகளில் அது பீரோவில், சேலைக்கு அடியில், எக்ஸ்ரே கவருக்குள் இருக்கும்.